கார்டு சொல்லட்டும் என்று இருந்த வேலாயி அக்கா

இலங்கை மலையகத்தில், லிந்துலைக்குப் பக்கத்தில், தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறும் ஒரு ரோட்டின் முடிவில் ஆறு அறை உள்ள கெஸ்ட் ஹவுஸ் ஒன்று இருக்கிறது. அங்கேதான் நான் வேலை செய்கிறேன். வருகிறவர்களுக்கு அறை காட்டுவது, காலைச் சாப்பாடு செய்வது, சுடுதண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவர்களிடம் சிரித்துப் பேசுவது எல்லாம் என் தலையில். இதில் சிரிப்பதுதான் எனக்கு வராது. அறைகளைக் கூட்டித் துடைத்துப் படுக்கை விரிக்கும் வேலை வேலாயி அக்காவுக்கு.

அக்கா என்று கூப்பிட்டாலும் அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கு முப்பத்து நாலு. பதினேழு வயதில் கொழுந்துக் கூடையை மாட்டி, ஐம்பத்தைந்தில் இறக்கி வைத்தவர். லயத்து வரிசை வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் இங்கே வந்தார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் யார் எதைச் சொன்னாலும் "சரி" என்பார். முதலாளி ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னால் சரி. துடைத்த அறையை மறுபடி துடைக்கச் சொன்னால் அதற்கும் சரி. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். "ஒங்களுக்கு ரோசமே கெடையாதாக்கா?" என்று கேட்டால் சிரிப்பார்.

படத்தை வைத்துக் குறி சொல்கிறார்களே, அந்த டாரட் கார்டு எங்களிடம் வந்தது பெரிய கதை இல்லை. நாலாம் நம்பர் அறையில் தங்கிய ஒரு வெளிநாட்டுப் பெண் மேசை டிராயரில் மறந்துவிட்டுப் போனாள். எழுதிக் கேட்டதற்கு, நீயே வைத்துக்கொள் என்று பதில் போட்டாள். எழுபத்தெட்டுக் கார்டு, ஒவ்வொன்றிலும் ஒரு படம். என் கல்யாணப் பேச்சு நின்றுபோன வருஷம் அது. ஒருவரிடமும் வாய் திறக்கப் பிடிக்காமல் இருந்தேன். ஒரு மாதம் ஃபோனில் வீடியோ பார்த்துப் பழகினேன். வீட்டுக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. என் அம்மா ஒரு நாளும் ஜெபமாலையைத் தவறவிடாதவர். கார்டைக் கண்டால் நேரே அடுப்பில்தான் போடுவார். அதனால் கெஸ்ட் ஹவுஸ் குசினியில், மாவு டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

குறி பார்ப்பது வேறு, இது வேறு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு எல்லாம் பிசகியது அந்த இடத்தில்தான். கார்டுக்கு ஒன்றும் தெரியாது. அது அச்சடித்த மட்டை. மனதில் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, கலைத்து, ஒன்றை எடுக்க வேண்டும். நடக்குமா நடக்காதா என்று கேட்கக் கூடாது. எனக்கு ஏன் இப்படி இருக்கிறது, எதற்குப் பயப்படுகிறேன் என்று கேட்கலாம். புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் படத்தைப் பார்க்க வேண்டும். கண் எந்த இடத்தில் போய் நிற்கிறது, அங்கே நின்றதும் என்ன ஞாபகம் வருகிறது என்று மூன்று வரி எழுதி வைத்தால் அன்றைக்குப் போதும். நாலு நாள் கழித்து அந்த வரிகளைப் படித்தால், நம் மனதில் கிடப்பது நமக்கே தெரியவரும். இவ்வளவுதான் இதில் இருக்கிறது.

காலைச் சாப்பாட்டு வேலை முடிந்து பத்து மணிக்கு நானும் வேலாயி அக்காவும் குசினியில் பிளேன்டீ குடிப்போம். ஒருநாள் நான் கார்டு எடுத்துவிட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடேன் புள்ள."

"நான் எடுத்துத் தரக் கூடாதுக்கா. நீங்கதான் எடுக்கணும்."

அவருக்கு வந்தது, பத்துத் தடிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்து நடக்கும் ஓர் ஆளின் படம். வேலாயி அக்கா அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இவனுக்கு வெறகு தூக்கவே தெரியல. கயித்த நெத்தியில போட்டு முதுகுல தூக்கணும். இப்பிடி மூஞ்சிக்கு முன்னால புடிச்சா வழி எப்பிடித் தெரியும்?"

"சரி, இதப் பாத்ததும் ஒங்களுக்கு என்னா ஞாபகம் வருது?"

கார்டை மேசையில் வைத்தார். பிறகு, மகள் லெட்சுமி வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாதம் வரை விறகு தூக்கியதைச் சொன்னார். மூன்றாம் வகுப்போடு நின்றவர் என்பதால் எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அன்று முதல் என் கொப்பியின் பின்பக்கம் அவருடையதாகிவிட்டது.

மூன்று மாதம் இப்படிப் போனது. சிம்மாசனத்தில் ராணியும் காலடியில் பூனையும் இருக்கிற கார்டு வந்தால், "பெரிய தொரசானிதான், பூன வேற வளக்குறா" என்பார். எலும்புக்கூடு ஒன்று வெள்ளைக் குதிரையில் வரும் கார்டு, மரணக் கார்டு, ஒருநாள் வந்தது. எனக்குத் திக்கென்றது. அவர் அசையவில்லை. "இவனுக்காவது குதிர கெடச்சிச்சு. எங்க வீட்டுக்காரரு செத்தப்ப தோட்டத்து லொறிதான் வந்துச்சு" என்றார். அவருடைய புருஷன் வீரய்யா நெஞ்சு நோயில் இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியும் லயமுமாகக் கிடந்து போனவர். அதைப்பற்றி அவர் பேசிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. மனதுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. வாயே திறக்காத ஒரு மனுஷியைப் பேச வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, பனியில் இரண்டு பேர் நடந்துபோகும் கார்டு வந்தது. கந்தல் உடுத்திய ஒரு பெண் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் போகிறாள். பின்னால் ஒரு நொண்டி. பக்கத்திலே வெளிச்சமான ஒரு ஜன்னல் இருக்கிறது. இரண்டு பேரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலாயி அக்கா டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "முன்னால போறது நானு" என்றார். "பின்னால வாறது லெட்சுமி."

அன்று அவர் சொன்னதை நான் எழுதவில்லை. எழுத முடியவில்லை. வீரய்யா படுக்கையில் விழுந்த வருஷம், ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் லெட்சுமியைக் கொழும்பில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்க்க அனுப்பியிருக்கிறார். ஆண்டியப்பன் என்று ஒரு தரகன் ஏற்பாடு செய்த இடம். நாலாம் மாதம் லெட்சுமி தனியாக ரயிலேறி வந்துவிட்டாள். பதினாலு வயது. வந்தவள் அம்மாவிடம், "நான் இனிப் போக மாட்டேம்மா" என்று மட்டும் சொன்னாள். அன்று பின்னேரமே ஆண்டியப்பன் லயத்துக்கு வந்து, பொறுப்பெடுத்தவன் நான், அந்த வீட்டுக்கு என்ன பதில் சொல்வேன், நாளைக்கே கொண்டுபோய் விடு என்று குதித்தான். வேலாயி அக்கா சரி என்றார். விடிவதற்கு முன்னால், பனியில், மகளைத் தலவாக்கலை ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்.

"வழியில ஸ்டேசன் மாஸ்டர் வீட்டு ஜன்னல்ல லைட்டு எரிஞ்சிச்சு புள்ள. அந்த எடத்துல நின்னுட்டா. 'ஏன் வந்தேன்னு ஒரு வார்த்த கேளுங்கம்மா'ன்னா. நான் ரயிலு போயிரும்னு கையப் புடிச்சு இழுத்துட்டேன்."

"பொறகு கேக்கலையாக்கா?"

"கேக்கல."

இருபது வருஷம் கேட்கவில்லை. லெட்சுமி பதினெட்டு வயதில் திரும்பி வந்தாள். பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்துக்குக் கல்யாணமாகிப் போனாள். தீபாவளிக்கு வருவாள், சாப்பிடுவாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விடுவாள். சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அக்கா சொன்னார்.

அந்தக் கார்டுக்குப் பிறகு வேலாயி அக்காவுக்கு ஒரே எண்ணம்தான். மகளின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, அந்த வீட்டில் உனக்கு என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. தீபாவளிக்கு அவள் வருவாள், அப்போது கேட்கிறேன் என்றார். நானும் சரி என்றுதான் சொன்னேன்.

தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, லயத்தில் அக்காவுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அம்மாக்கண்ணு கெஸ்ட் ஹவுஸ் வாசலுக்கே வந்துவிட்டார். பொகவந்தலாவையில் ஒரு சாவு வீட்டுக்குப் போனவர் லெட்சுமியைப் பார்த்திருக்கிறார்.

"ஒம் மக குவைத்துக்குப் போறாளாம் வேலாயி. வீட்டு வேலைக்கு. ரெண்டு வருசமாம். இந்தப் புதன் இல்ல, அடுத்த புதன் ராத்திரி பிளேனு. புருசன்காரன் லொறில இருந்து விழுந்ததுல இருந்து கால ஊண்ட முடியல பாரு, வேற என்னா செய்வா."

அம்மாக்கண்ணு போன பிறகு நான் அடுப்பை நிறுத்திவிட்டுச் சொன்னேன். "இன்னிக்கே போங்கக்கா. ரூமெல்லாம் நான் பாத்துக்கிறேன். இல்லாட்டி இந்தாங்க என் போன், இப்பவே பேசுங்க."

"போன்ல கேக்குற விசயமா இது? மொகத்தப் பாக்கணும்."

"அப்பப் போங்க."

"நாளைக்குக் கார்டு எடுத்துப் பாத்துட்டுப் போறேன்."

எனக்கு அந்த நேரத்தில் ஒன்றும் உறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை எடுத்தார். கல்லறை மேல் ஒருவன் கைகூப்பிப் படுத்திருக்கும் கார்டு. "படுத்திருக்கான். இன்னிக்கு வேணாங்குது" என்று கார்டைக் கவிழ்த்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். புதன்கிழமை, விளக்கைப் பிடித்துக்கொண்டு மலை உச்சியில் தனியாக நிற்கும் கிழவன். "தனியா இருன்னு சொல்லுது." வியாழக்கிழமை, தலைகீழாகத் தொங்குகிறவன். "இவன் எங்கிட்டுப் போவான், காலக் கட்டிப் போட்டிருக்கே."

வியாழக்கிழமைதான் எனக்குப் புரிந்தது. தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு நீ இந்த மலை, நீ அந்த மலை என்று கண்டாக்கு ஐயா பிரித்து அனுப்புவார். தானாக ஒரு மலைக்கு ஏறினால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் அப்படி நின்ற மனுஷி, என் மேசையில் கிடந்த எழுபத்தெட்டு மட்டைகளையும் கண்டாக்கு ஐயாவாக ஆக்கிவிட்டார். என்னிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு நான் கொடுத்ததை, எங்கே போகச் சொல்கிறது என்று கேட்பதற்கு வைத்துக்கொண்டார். நானும்தான் தினமும் "கார்டு என்னாக்கா சொல்லுது?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இது பெரட்டு இல்லக்கா!" என்று கத்தினேன். "கார்டு ஒங்களுக்கு மலை பிரிச்சுக் குடுக்காது. ஒங்க மகளப் பாக்க ஒங்களுக்கு எவன் உத்தரவு வேணும்?"

அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். "கத்தாத புள்ள. நல்ல நேரத்துல போயி கேக்கணும்ல. தப்பா ஒரு நாள்ல போயி அவ மொகத்தத் திருப்பிக்கிட்டா?"

பயம். அதுதான் உண்மை. நான் அந்த இடத்தில் உட்கார்ந்து, எதற்கக்கா பயப்படுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் பழகிய டாரட்டுக்கு அர்த்தம் இருந்திருக்கும். கேட்கவில்லை. ஹட்டனிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். முட்டை பொரிக்கப் போய்விட்டேன். வெள்ளி, சனி, ஞாயிறு, ஆறு அறையும் நிறைந்திருந்தது. கார்டை ஒளித்து வைக்கவும் எனக்குத் தோன்றவில்லை. அவர் தானே மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்து, தானே பார்த்து, தானே திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வந்தபோது அவர் எனக்கு முன்னால் வந்து குசினியில் நின்றார். நல்ல சேலை, தலையில் பூ இல்லை, ஆனால் எண்ணெய் தடவிப் படியச் சீவியிருந்தார். கையில் ஒரு கார்டு. ஒருவன் தடியில் மூட்டையைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்து நடக்கிறான்.

"போகச் சொல்லிருச்சு புள்ள" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

எப்படியோ போகிறாரே என்று இருந்தது. மகளுக்குப் பிடிக்கும் என்று ரவா உருண்டை பிடித்து வந்திருந்தார். அதை என் சாப்பாட்டு டப்பாவில் மாற்றி வைத்துக் கொடுத்தேன். தலவாக்கலைக்குப் போய், ஹட்டனில் பஸ் மாறி, பொகவந்தலாவை போய்ச் சேரப் பகலாகிவிடும். அடுத்த நாள்தானே பிளேன், இரவு தங்கிப் பேசலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வேலைக்கு வந்துவிட்டார். டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் கேட்காமலே சொன்னார்.

லெட்சுமி திங்கட்கிழமையே போய்விட்டாள். ஏஜென்சியில் ஏதோ பேப்பர் வேலை என்று இரண்டு நாள் முன்னால் வரச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்தது காலை நீட்டிப் படுத்திருந்த மருமகனும், பதிமூன்று வயதுப் பேத்தி ஷாமிலாவும்.

"பேத்திதான் டீ ஊத்திக் குடுத்தா. குடுத்துட்டு, 'ஏன் அம்மாயி இவ்வளவு லேட்டா வந்தீங்க?'ன்னா. 'எனக்கு நேத்துப் போறது தெரியாதுடி'ன்னேன். அதுக்கு அவ சொல்றா, 'அம்மா ஒங்களுக்குத்தானே அம்மாக்கண்ணு ஆச்சிகிட்ட சொல்லி விட்டாங்க. அம்மாயி வருவாங்க, ஒரு விசயம் சொல்லிட்டுப் போகணும்னாங்க. ஒரு கெழமையா வேலைக்கும் போகாம, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ரோட்ட ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தாங்க'ங்கிறா."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். சாதாரணமாக எனக்கு அழுகை வராது. அன்றைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டு அழுதேன். அந்த மகள் சொல்வதற்குத் தயாராக இருந்திருக்கிறாள். இந்தத் தாய் கேட்பதற்குத் தயாராக இருந்திருக்கிறார். நடுவில் இருந்தது மூன்று மணி நேர பஸ் வழியும் ஒரு கட்டு மட்டையும். மட்டையைக் கொண்டுவந்து வைத்தது நான். இதை யாரிடம் சொன்னாலும், உன் பிழை இல்லை ஷிராணி என்றுதான் சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போகலாம்.

ஒன்பது நாள் சத்தமே இல்லை. வேலாயி அக்காவிடம் இருப்பது பட்டன் ஃபோன் என்பதால், என்னுடைய வாட்ஸப் நம்பரை ஷாமிலாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் டீ குடிக்க உட்கார்ந்த நேரம், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. படம் வராத வெறும் குரல். அக்காவுக்குக் காதில் வைத்தால் சரியாகக் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, நான் லெட்சுமி. அஞ்சு நிமிசம்தான். நல்லா இருக்கேன். ஷாமிலாவ அப்பப்பப் போய்ப் பாத்துக்கங்க."

நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். எந்தக் கார்டையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. ஃபோனைப் பார்த்துக் கேட்டார்.

"லெட்சுமி. நீ அன்னிக்கு ஏன் திரும்பி வந்த? அந்தக் கொழும்பு வீட்டுல ஒனக்கு என்னாடி நடந்துச்சு? நான் கேக்காம இழுத்துட்டுப் போயிட்டேன். தப்புப் பண்ணிட்டேன். இப்பச் சொல்லு, நான் கேக்குறேன்."

லைன் போய்விட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். விநாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு லெட்சுமியின் குரல் வந்தது, மிகவும் மெதுவாக, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"இப்பக் கேக்காதீங்கம்மா. எனக்கு அழுக வந்துரும். குசினில கெமரா வச்சிருக்காங்க. அழுதா இந்த வீட்டம்மா வந்து ஏன்னு கேக்கும்."

அவள் ஃபோனை வைக்கவில்லை, குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. பாத்திரத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. வேலாயி அக்கா ஃபோனை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, அந்த ஐந்து நிமிஷம் முடிகிற வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.